அறையில்லாத யன்னல்

என்ர இஞ்சாருங்கோவுக்கு,

உங்களை நான் 'இஞ்சாருங்கோ' என்றதல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. இப்போது எழுதும்போதும் கை வரவில்லை.

நீங்கள் துப்புரவு வேலை செய்த கல்மாளிகைக்கு ஞாயிற்றுக்கிழமை போனோம். எங்கடை மகள் சுகந்தியின் கலியாணப் படம் அங்கேதான் எடுத்தது. இங்கிலாந்துப் பிரபுக்கள் நாட்டுப்புறத்தில் கட்டின வீடுகளைப் பார்த்து, யாரோ பணக்காரர் ரொறன்ரோவில் கட்டின வீடு என்று சொல்லுவீர்கள். நடுவில் வாசல். அந்தப் பக்கம் ஒரு புகைக்கூடு என்றால் இந்தப் பக்கமும் ஒன்று. யன்னல்களும் அப்படித்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேல்மாடி யன்னல் ஒன்றை வெளியே துடைத்துவிட்டு, உள்பக்கம் துடைக்க அந்த அறையைத் தேடி அலைந்தீர்களே, நினைவிருக்கிறதா? அறையே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் செங்கல் சுவர். மற்றப் பக்கத்துக்குச் சோடியாக வைத்த பொய் யன்னல்.

"இஞ்சாரும், உது மாப்பிள்ளைத்தோழன். தாலி கட்டமாட்டார். ஆனா அவர் இல்லாட்டி மணவறை வெறிச்செண்டு கிடக்கும்" என்று வீட்டுக்கு வந்து சிரித்தீர்கள்.

படம் எடுக்கிற நேரம் நான் கார்ப் பக்கம் ஒதுங்கி நின்றேன். "நல்ல காரியம், நீர் கொஞ்சம் தள்ளி நில்லும்" என்று உங்கடை அக்கா முதலே சொல்லியிருந்தா. சுகந்தி வாசற்படியை விட்டு அசையவில்லை.

"அம்மா வராமல் படம் இல்லை, மாமி."

"மாப்பிள்ளையின்ர தாய் தகப்பன் சோடியாய் நிக்கினம். இஞ்சால ஒராள் மட்டும் நிண்டால் வடிவோ, பிள்ளை?"

"மேல பாருங்கோ மாமி. அந்த யன்னலுக்குப் பின்னால அறை இல்லையெண்டு அப்பாதான் சொன்னவர். எண்டாலும் அதுக்கொரு இடம் விட்டிருக்கினம்தானே."

அக்கா நிமிர்ந்து மேலே பார்த்தா. பிறகு என்னிடம் வந்து சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தா. "போம், வெளிச்சம் போகப்போகுது" என்றா.

"அன்ரி, இன்னும் கிட்ட வாங்கோ. பக்கத்தில இடைவெளி கிடக்கு" என்றான் படம் எடுக்கிற தம்பி.

"கிடக்கட்டும் தம்பி" என்றேன்.

படம் கழுவி வந்துவிட்டது. எனக்குப் பக்கத்தில் ஒராள் நிற்கிற அளவு இடம். நேர் மேலே உங்கடை மாப்பிள்ளைத்தோழன் யன்னல். நீங்கள் வந்து நின்றீர்களா?

இனிச் சுகந்தியின் எந்த நல்ல காரியத்திலும் நான் ஒதுங்கமாட்டேன். முன்னுக்குத்தான் நிற்பேன். பக்கத்தில் உங்கடை இடத்தை விட்டுத்தான் நிற்பேன்.

உங்கடை இஞ்சாரும்,
சுகந்தியின் அம்மா