அக்காவின் நித்திரையும் கனடாப் போத்தலும்

ஏப்ரல் 8, செவ்வாய்
புழுக்கம். கடல் பக்கமிருந்து அழுகல் நாற்றம். ராத்திரியும் பொலிஸ், கொழும்பில் தங்குகிற தமிழரின் பதிவு பார்க்க வந்தது. அக்கா விடியவிடிய முழிப்பு. தெருவில் ஜீப் நின்றாலே எழும்பி இருக்கிறாள். அடுத்த மாதம் எம்பசியில் இன்டர்வியூ. தேறினால்தான் கனடாவில் அத்தானிடம் போகலாம். கலியாணம் முடித்து ஒரு மாதம்தான் சேர்ந்திருந்தார்கள்.

அத்தான் ஆள்மூலம் கொடுத்துவிட்ட பார்சல் வந்தது. சொக்கிலேட், சவர்க்காரம், பென்னம்பெரிய கல்சியம் குளிசைப் போத்தல்கள். நித்திரைக்கும் மூளைக்கும் நல்லதாம். நாளுக்கு ஒன்று என்று எழுதியிருக்கிறது. வீட்டுக்கார மாமி: "அது அங்கத்தைச் சனத்துக்கு. இஞ்சத்தை உடம்புக்கு ஒண்டு காணாது பிள்ளை."

மே 2, வெள்ளி
ஏ.எல். உயிரியல் வகுப்பு. நரம்புக்கலம் படிப்பித்தேன். வெளியே கல்சியம் நிறைய, உள்ளே துளி. வாசல் திறந்து கொஞ்சம் உள்ளே போனால்தான் அடுத்த கலத்துக்குச் செய்தி. பிறகு உடனே வெளியே தள்ளவேண்டும். ஒழுங்கு பிசகினால் நித்திரையும் குழம்பும், கவனமும் குழம்பும். பிள்ளைகள் கொட்டாவி.

வீட்டில் அக்காவும் கொட்டாவி. பகலிலும் படுக்கை. ஓயாமல் தண்ணீர் குடிக்கிறாள், சத்தி எடுக்கிறாள். நாளுக்கு ஆறு குளிசையாம். போதாததற்கு மாமி பாமன்கடை டிஸ்பென்சரியில் விற்றமின் டி ஊசியும் போடுவித்திருக்கிறா. நிறுத்தச் சொன்னேன். மாமி: "நல்லா நித்திரை கொள்ளுறாள். படிப்பிக்கிற ஆளெல்லே, உனக்கு எல்லாத்திலயும் சந்தேகம்." போத்தலை மாமியின் வாயில் கவிழ்க்கலாம் போல இருந்தது.

மே 20, செவ்வாய்
மழை. இன்டர்வியூ. புருஷனுக்கு எத்தனை சகோதரங்கள், தாலி கட்டின பிறகு எங்கே போனீர்கள் என்று கேட்டார்களாம். வெளியே வந்து, "கேள்வி முடிய முதலே மறந்துபோகுதடா. கண் சொருகுது" என்றாள். மொழிபெயர்க்க இருந்தவன் சிரித்தானாம். பொய்க் கலியாணம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். விசா இல்லை.

மே 23, வெள்ளி
இரத்தம் சோதித்தது. கல்சியம் எக்கச்சக்கம். வார்ட்டில் சேலைன் ஏறுகிறது. டொக்டர்: "இவ்வளவு ஏறினா மூளைக்கலம் லேசில எழும்பாது. இது நித்திரை இல்லைத் தம்பி, மந்தம்." நான் படிப்பிக்கிற பாடம். தூ.

வீட்டுக்கு வந்து போத்தல்களைக் குப்பையில் எறிந்தேன். மாமி ஒன்றை எடுத்துக் கழுவி ஏலக்காய் போட்டு வைத்திருக்கிறா.

ஜூன் 6, வெள்ளி
அக்கா தெளிவு. பழையபடி நித்திரை இல்லை. பாண் வெட்டிக்கொண்டே தன்பாட்டில் சொல்கிறாள்: "ஆறு சகோதரங்கள். மூத்தவ கிருலப்பனையில. தாலி கட்டினாப்பிறகு பிள்ளையார் கோயிலுக்குப் போனனாங்கள். மழை எண்டா அவருக்குத் தும்மல்." ஒருவரும் கேட்கவில்லை.

குளிசைக் கதையை அத்தானிடம் சொல்ல விடுகிறாளில்லை. ஆசையாய் அனுப்பினவராம், மனம் நோகுமாம்.

பின்னேரம் அத்தானின் டெலிபோன் கோல். விசாவை நினைத்து அழுதார். பிறகு, "குளிசையால நல்ல நித்திரை எண்டு வீட்டுக்கார மாமி எழுதினவ. இன்னும் ரெண்டு போத்தல் ஒராளிட்டக் குடுத்துவிட்டிருக்கிறன்" என்றார். பக்கத்தில் காது வைத்துக் கேட்ட அக்கா ரிசீவரை வாங்கினாள்.

"ஓம்," என்றாள். "நல்ல குளிசை."