போஸ்டரில் வஸ்தாது

என்னங்க, முதலில் நல்ல சேதி. மூத்தவன் மகள் நர்சிங் முடித்து வேலூரிலேயே வேலைக்குப் போகிறாள். அவள் அண்ணன் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அவனுக்குப் பெண்ணும் பார்த்தாயிற்று. சின்னவன் மகன் ஓட்டப் பந்தயத்தில் மாவட்டத்திலேயே முதல். அந்தக் கால் உங்கள் கால்தான்.

உங்கள் முதல் வருஷ நினைவு நாளுக்கு அடிக்கப்போகும் போஸ்டரை மூத்த பேரன் செல்லில் காட்டினான். பெயர் இருந்தது. பெயருக்கு முன்னால் வஸ்தாது இல்லை. ஏன்டா என்றேன்.

"ரவுடின்னு நெனைப்பாங்க ஆயா. பொண்ணு வீட்டுக்காரங்க வேற வர்றாங்க."

வெறும் பெயரைப் போட்டால் ஆம்பூர் பஜாரில் உங்களை யாருக்குத் தெரியும்?

அவனைச் சொல்லி என்ன. மாப்பிள்ளை தோல் பதனிடும் டேனரியில் வஸ்தாது என்றதும், அடிப்பார் என்று நானும்தான் அழுதேன். வந்து பார்த்தால், பல்லி விழுந்ததற்குக் கட்டில்மேல் ஏறி நிற்கிறீர்கள். ஈரத்தோல் கட்டுகளை ஒற்றை ஆளாகத் தூக்கியதால் வந்த பெயராம். பக்கத்து வீட்டு பாய்தான் விளக்கினார்: அவங்க உருதுவில் உஸ்தாத் என்றால் தொழில் கற்றுக்கொடுக்கிறவர், நம் வாய்க்கு வந்து அது வஸ்தாது ஆகி, சண்டைக்காரன் என்று அர்த்தமாகிவிட்டதாம். நீங்கள் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. தெருவில் சண்டை என்றால் போய் மீசையைத் தடவிக்கொண்டு சும்மா நிற்பீர்கள். அவனவன் வீட்டுக்குப் போய்விடுவான்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் தண்ணீர் டம்ளரைக்கூட உங்களால் பிடிக்க முடியவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். எனக்குத் தாங்கவில்லை. அதுவரை ஒருநாளும் அப்படிக் கூப்பிடாதவள் கேட்டேன்.

"இன்னா வஸ்தாது, தோல் கட்டு தூக்கின கைக்கு டம்ளர் கனமா?"

மோவாயெல்லாம் தண்ணீர் வழியச் சிரித்தீர்கள். "இது ஜாஸ்தி வெயிட்டும்மா" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் சிரிக்கவில்லை.

இதைப் பேரனிடம் சொன்னேன். வஸ்தாதுன்னே போடறேன் ஆயா என்றான்.

இப்போது போட்டோதான் பிரச்சினை. வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று, மீசையை முறுக்கி முறைத்துக்கொண்டு இருப்பீர்களே, அது. அதன் கீழே வஸ்தாது என்று போட்டால் அவன் முதலில் பயந்ததுதான் நடக்கும். ஆஸ்பத்திரியில் எனக்கு மட்டும் சிரித்தீர்களே, அதே மாதிரி புதுசாக ஒன்று எடுத்துத் தபாலில் போடுங்கள். வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குக் கொடுக்கவேண்டும்.