பேய் சும்மா நிற்கிறது

ஜூன் 3, செவ்வாய்

பல் தேய்ப்பதற்கு முன்பே பேயின் சிரிப்பை அழித்தேன். எங்கெல்லாம் சிரிக்கிறதோ அங்கெல்லாம். பிறகுதான் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன்.

வருடக்கணக்காகக் கல்யாண வீடியோ எடிட் செய்தவளுக்கு முதல் சினிமா இது. நூம்பலில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் சிக்கனமாக எடுத்த பேய்ப் படம். இயக்குநர் வெற்றிச்செல்வன் சின்னப் பையன். "நீங்க பாத்துக்கோங்கக்கா" என்று ஹார்ட் டிஸ்கைக் கொடுத்துவிட்டுப் போனான். டைட்டிலில் என் பெயர் தனி கார்டில் வருமாம். அந்தக் கார்டை எத்தனை தடவை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன்! வெட்கமாக இருக்கிறது.

ஆனால் இந்தச் சிரிப்பு – வந்ததும் சிரிக்கிறது, போகும்போதும் சிரிக்கிறது. யாருக்குப் பயம் வரும்?

ஜூன் 4, புதன்

கல்லூரியில் போட்டுக் காட்டிய அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஒரே வீடு, நாலு நடிகர்கள். பேய்க்கு ஆள் போடக் காசில்லை போல, பேய் வருவதே இல்லை.

ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறது. பின்னால் உள்ளறைக் கதவு மூடியிருக்கிறது. பேசுகிறவர் முகத்தைக் காட்டிவிட்டு மறுபடி இந்தப் பக்கம் வந்தால், கதவு ஒரு கை அகலம் திறந்திருக்கிறது. யாரும் திரும்பவில்லை. இசை கிடையாது. குழம்பு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கு மட்டும் தெரிகிறது, அவர்களிடம் சொல்ல முடியவில்லை. அவ்வளவுதான். கால் இரண்டையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு மீதிப் படத்தைப் பார்த்தேன்.

பேயைச் சிரிக்க வைத்த வெற்றிக்கு இது ஏன் புரிய மாட்டேன் என்கிறது?

ஜூன் 6, வெள்ளி

வானகரம் சிக்னலில் வண்டியை நிறுத்தினால் எதிரே பேனர். எங்கள் பேய்! கண்ணில் வெள்ளை லென்ஸ், விரித்த தலை, நெற்றியில் ரத்தம் – கை கூப்பிக்கொண்டு நிற்கிறது. 'காதணி விழாவுக்கு வருகை தரும் அனைவரையும் வருக வருக என வரவேற்கிறோம்.'

தயாரிப்பாளர் மனோகரன் சாருக்கு அங்கே கல்யாண மண்டபம் இருக்கிறது. பேயாக நடித்த ரேகா அவர் மனைவியின் தங்கை. பேத்தியின் விசேஷத்துக்கு மச்சினிச்சியை மேக்கப்போடேயே நிறுத்திவிட்டார். போன் செய்தேன்.

"இன்னாமா நீ? பப்ளிசிட்டிமா! அவ்ளோ மேக்கப்பு போட்டு மூஞ்சிய மூடி வெச்சிக்கினா எப்டி?"

முதலில் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. காது குத்துக்கு வரவேற்ற பேயைப் பார்த்து எவன் பயப்படுவான்?

ஜூன் 8, ஞாயிறு

கிடைத்துவிட்டது!

ஒவ்வொரு ஷாட்டிலும் 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்னால் கேமரா சும்மா ஓடியிருக்கிறது. அதில் ரேகா நடிக்கவில்லை. நல்ல வெயிலில், துணிக்கொடிக்குப் பக்கத்தில், தலையை லேசாகச் சாய்த்து யார் குரலுக்கோ காத்திருக்கிறாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. நடித்ததையெல்லாம் தூக்கிவிட்டு இவற்றை வைத்தேன். கதாநாயகி துணி காயப்போடுகிறாள், பின்னால் இவள் நிற்கிறாள். அவ்வளவுதான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் என் வீட்டுக்காரரை உட்கார வைத்துப் போட்டேன். பாடியில் ஒரு கம்பெனியில் வாரம் முழுக்க ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவர். பழைய வெர்ஷனுக்குக் குறட்டை விட்டவர்.

"ஏய், அது இன்னா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலையே."

"அதான் கேக்குறேன். ஏன் ஒண்ணும் பண்ல?"

எழுந்து போய் பால்கனிக் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தார். பட்டப்பகலில்.

ஜூன் 10, செவ்வாய்

ரேகா வந்தாள். கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். புதிய வெர்ஷனைப் போட்டுக் காட்டினேன்.

"அன்னிக்கு செம கால்வலிக்கா. எப்ப கூப்புடுவாங்கன்னு நின்னுகினு இருந்தேன். நடிச்சத தூக்கிட்டு நடிக்காதத வெச்சிகிறீங்களே!"

"வருத்தமா?"

"இல்ல... அது நானான்னு கீது. இன்னொரு வாட்டி போடுங்க."

போகும்போது சொன்னாள்: "மாமா ஒத்துக்க மாட்டாரு, பாருங்க."

ஜூன் 11, புதன்

ஒத்துக்கொள்ளவில்லை.

படம் ஓடும்போதெல்லாம் மனோகரன் சாருக்குப் போன். ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம் காலியா என்று யாரோ. கடைசியில், "பேய் ஒண்ணுமே பண்லியேமா? சும்மா நின்னுகினு கீது. இதுக்கா லென்சு வாங்கிக் குடுத்தேன்?"

"நிக்கறதுதான் சார் பயமே."

"எனுக்கு வர்லியே!"

பார்த்தால்தானே வரும்? வெற்றியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். "சார் சொல்றதும் சரிதான்க்கா. சிரிப்பு இருக்கட்டும்." அடுத்த படமும் அவரே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாராம்.

பின்ன இன்னாத்துக்குடா என்னைக் கூப்ட்ட? நீங்க பாத்துக்கோங்கக்கா, நீங்க பாத்துக்கோங்கக்கான்னு... பாத்தேனே! கண்ணு எரிய எரிய பாத்தேனே!

இதெல்லாம் மனதுக்குள்தான். மூன்று பேருக்கும் காபி போட்டேன்.

ஜூன் 12, வியாழன்

எல்லாச் சிரிப்பையும் திரும்ப வைத்தேன். கூடவே இடிச் சத்தமும் வேண்டும் என்றார்கள். அதையும்.

ஜூன் 13, வெள்ளி

நாளைக் காலை சாலிகிராமத்தில் திரையிடல். படத்தை வாங்குகிறவர்கள் வருகிறார்கள். பென் டிரைவை நான்தான் கொண்டுபோக வேண்டும். வெற்றி மதியம் போன் செய்தான். "பத்திரம்க்கா." பத்திரம்டா என்றேன்.

படம் அவனுடையது, எனக்குத் தெரியாதா? மனோகரன் சார் எல்லார் முன்னாலும் கத்துவார். வெற்றி இனி அக்கா என்று கூப்பிட மாட்டான். வேறு யாரும் எனக்குப் படம் தரவும் மாட்டார்கள். எல்லாம் யோசித்தாயிற்று. இருந்தும் அந்தச் சிரிப்பை என் கையால் கொண்டுபோக முடியவில்லை.

பென் டிரைவில் ஒரு படம்தான் இருக்கிறது, சிரிக்காதது. அதிலிருந்து என் பெயர் கார்டை எடுத்துவிட்டேன். பெயருக்காகச் செய்தாள் என்று யாரும் சொல்லக் கூடாது, முக்கியமாக நான்.

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே இவர் கேட்டார்: "நாளைக்கு எந்தப் படத்தக் காட்டப் போறீங்க? சிரிக்கிறதா, நிக்கிறதா?"

"மனோகரன் சார் சொன்னதுதான்" என்றேன்.