பக்கத்து வீட்டுத் தேத்தண்ணி

சனிக்கிழமை இரவு, கிங்ஸ்பரி.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மனைவி மகேஸ் எழுதுகிறாள்.

ஒருமுறை பார்த்த வழி எனக்கு மறக்காது என்று அவளிடம் அடித்துச் சொல்லிவிட்டு, மாலையில் தனியே நடக்கப் போனேன். திரும்பி வந்தபோது நாங்கள் வந்து தங்கியிருக்கும் நண்பன் சிவம் வீட்டின் நீலக் கதவு திறந்திருந்தது. படியெல்லாம் செருப்புகள். சிவத்துக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, நானும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அமர்ந்தேன். ஒரு பெண் வடையும் தேத்தண்ணியும் தந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துதான் கேட்டாள்.

"ஐயா, நீங்கள் ஆரின்ரை ஆள்?"

"சிவத்தின்ரை சிநேகிதன்."

"ஐயோ, அது பக்கத்து வீடெல்லோ! அவையின்ரை கதவும் நீலம்தான்."

அதற்குள் மகேஸ் தெருவெல்லாம் அழுதபடி தேடியிருக்கிறாள். படியில் என் செருப்பைக் கண்டுதான் உள்ளே ஓடி வந்தாள். அவள் ஏச வாய் திறக்குமுன் அவள் கையிலும் வடை.

நாளைக்கும் தனியே போகட்டுமா என்று இப்போது கேட்டேன். எழுதுகிறவள் முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"போங்கோ. ஆனால் அதே செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கோ."