முந்நூறு விளக்குத் திரை

டிசம்பர் 8
மகள் போன் செய்தாள். அவள் அப்பா வீட்டு வாசல் முழுக்க விளக்காம், பாட்டுக்கு ஏற்றபடி மாறி மாறி எரியுமாம். “லீவுக்கு அங்க என்னம்மா போடப்போறே?” என்றாள். “வந்து பாரு” என்று சொல்லிவிட்டேன். இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்ய. எனக்கு பல்ப் மாட்டுவதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

இருபத்து மூன்றாம் தேதி வந்து ஐந்து நாள் இருப்பாள். இனிமேல் யாரோடு இருப்பது என்று லீவு முடிவதற்குள் அவளே சொல்ல வேண்டும். பதிமூன்று வயது.

டிசம்பர் 11
ஆர்டர் போட்டிருந்த விளக்குப் பட்டை வந்துவிட்டது. முந்நூறு விளக்கு, பார்த்தால் ரிப்பன்தான். ரிப்பனிடம் எனக்கென்ன பயம்? இருபது வருடமாகத் தைத்துப் பிழைக்கிறவள். எல்லோரும் பசையால் ஒட்டுகிறார்கள், அது வெயிலில் கழன்று விழுமாம். நான் கறுப்புத் துணியில் வரிசை வரிசையாகத் தைத்து மாடியிலிருந்து திரையாகத் தொங்கவிடப் போகிறேன்.

டிசம்பர் 14
மெஷினில் கொடுத்து ஒரே மூச்சில் முடித்தேன். ஒரு கோடு பிசகவில்லை.

டிசம்பர் 15
பதினொரு விளக்குதான் எரிகிறது.

டிசம்பர் 16
திரையைச் சுருட்டி எலக்ட்ரிக் கடைக்குத் தூக்கிப்போனேன். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: “அக்கா, உள்ள செம்புக் கோடு ஓடுது. ஊசி அதைக் குத்தி அறுத்துடுச்சு. ஒரு விளக்கு சொன்னாத்தான் அடுத்தது எரியும். நடுவுல ஒண்ணு செத்தா பின்னாடி எல்லாமே அவுட்.” புதுப் பட்டை ஜனவரியில்தான் வருமாம். அறுந்த இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைக்கக் காட்டிக்கொடுத்தார்.

டிசம்பர் 19
இரண்டு விரல் வெந்துவிட்டது. தைக்க வந்த துணியெல்லாம் வெட்டாமல் கிடக்கிறது. ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது சாகிறது. மகள் இரண்டு தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. எடுத்து என்னன்னு சொல்றது? உங்கப்பா ஆளை வச்சுப் போட்டாரு, உங்கம்மா ஊசியை வச்சுக் கெடுத்தாள்னா? என் குரலைக் கேட்டாலே கண்டுபிடிச்சுடுவா. அவளும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா.

டிசம்பர் 22
எண்பத்தாறு விளக்கு எரிகிறது. நாளை வருகிறாள். கடவுளே—

டிசம்பர் 23
சாயங்காலம் சுவிட்சைப் போட்டேன். மேலே மூன்று வரிசை எரிந்தது, கீழே வெறும் கறுப்புத் துணி. “மீதி எங்கம்மா?” என்றாள். மெஷினில் தைத்த கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம், “அதுக்காகவா போன் எடுக்கல?” என்றாள்.

டிசம்பர் 25
காலையிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்து, ஊசி குத்திய இடத்தையெல்லாம் தேடிச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுக்கிறாள். இருநூற்றுப் பன்னிரண்டு.

டிசம்பர் 26
முந்நூறும் எரிந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். மகள் என் தோளில் சாய்ந்து நின்றாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

டிசம்பர் 27
மத்தியானம் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டாள்: “இதை நான் எடுத்துட்டுப் போகட்டுமாம்மா? என் ரூம் ஜன்னல்ல மாட்டிக்கிறேன். தினமும் போடுவேன்.”

என் ரூம். அது அவள் அப்பா வீட்டில் இருக்கிறது; இங்கே நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில்தான் படுக்கிறோம். யாரோடு என்று இனிக் கேட்க வேண்டியதில்லை. ஜன்னல் அளவு மட்டும் கேட்டேன். நாலடி அகலம், அஞ்சடி உயரம் என்று யோசிக்காமல் சொன்னாள். நாளைக் காலையில் அவள் அப்பா வருவார். மெஷினைத் தொடவில்லை. அந்த அளவுக்கு ஓரத்தை மடித்துக் கையால் தைத்துக்கொண்டிருக்கிறேன்.