ஒன்பதாவது கட்டம்

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நானும் அம்மாவும் சுகம். வயிற்றுக்குள் பிள்ளை ஓயாமல் உதைக்கிறது என்று எழுதியிருந்தாய். உன் பிள்ளை வேறு என்ன செய்யும்?

குழந்தைக்கான ஒட்டுத்துணிப் போர்வைக்கு ஒன்பது கட்டம், எட்டை உன் மாமனார் தைத்துவிட்டார், ஒன்பதாவது அப்பாவுக்கு என்கிறாய். வெட்டித் தைக்கத் துணியும், பார்த்துத் தைக்க அவர் தனியாகத் தைத்த மாதிரிக் கட்டமும் வந்து சேர்ந்தன. அதிலுள்ள நட்சத்திரம் நன்றாகத்தான் இருக்கிறது. உன் கடிதத்தில் 'மாமா' பதினொரு இடத்தில் வருகிறார். 'அப்பா' இரண்டு இடத்தில், அதிலும் ஒன்று 'அன்புள்ள அப்பா'. எண்ணவில்லை, கண்ணில் பட்டது.

முப்பது வருஷமாகக் குழாய் பொருத்துகிற கை இது. ஊசியில் நூல் கோர்க்கவே அரை மணி நேரம் ஆகிறது. "எனக்கு ஒரு கொக்கி தைச்சுக் குடுத்திருப்பீங்களா? இப்ப சம்பந்தியோட போட்டி," என்று அம்மா சிரிக்கிறாள். போட்டியெல்லாம் ஒன்றுமில்லை. என் பேரப்பிள்ளைக்கு நான் தைக்கிறேன், அவ்வளவுதான்.

உன் அப்பா

ஏப்ரல் 2

அன்பு அப்பாவுக்கு,

கட்டம் வந்தது. முதல் தடவை தைக்கிறவர் தைத்தது என்றால் யார் நம்புவார்கள்? நட்சத்திரத்தின் முனை ஒவ்வொன்றும் அவ்வளவு கச்சிதம். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பின்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார். அப்புறம், "உங்கப்பா கை எனக்கு வராதும்மா," என்றார்.

மாதிரிக் கட்டத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாயாடி

ஏப்ரல் 15

அன்புள்ள மகளுக்கு,

வைத்துக்கொள்ள அது என்னிடம் இல்லை. உனக்கு நான் அனுப்பியதே அதுதான். உன் மாமனார் தைத்ததை, நான் தைத்ததாகச் சொல்லி அனுப்பினேன்.

நான் தைத்தது வேறு. குழாய் வெட்டும்போது இணைக்கிற சாக்கெட்டுக்குள் போகும் அளவையும் சேர்த்து வெட்டத் தெரிந்தவன், துணியில் தையலுக்குள் போகும் கால் அங்குலத்தை மறந்தேன். பன்னிரண்டு அங்குலம் வரவேண்டியது பத்தரைதான் வந்தது. முனைகளைத் தையல் தின்றுவிட்டது. ஒரு முக்கோணம் தலைகீழ். திரும்ப வெட்டத் துணியும் இல்லை. இதை அவருடைய எட்டோடு சேர்த்து வைத்துப் பார்ப்பாயே என்று நினைத்தேன். வயிறு எரிந்தது. அப்போது செய்த காரியம்.

அவருக்குத் தன் தையல் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் காட்டிக்கொடுக்கவில்லை. கைதான் சுத்தம் என்றால் மனசும் சுத்தம். ஒரு குறையாவது இருக்கக் கூடாதா அந்த மனுஷருக்கு? நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

என்னுடையதை இத்துடன் வைத்திருக்கிறேன். போர்வையில் சேர்க்க வேண்டாம். ஆனால் அவர் தைத்ததைக் காட்டி, இந்தத் தாத்தா தைத்தது என்று மட்டும் குழந்தையிடம் சொல்லிவிடாதே.

அப்பா

மே 1

அன்பு அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. கட்டத்தை விரித்ததும் அழுதுவிட்டேன். உங்கள் விரல் தடிமனுக்கு அந்த ஊசியை எப்படித்தான் பிடித்தீர்களோ. ஓரத்தில் ஒரு ரத்தப் பொட்டு வேறு. நாலு பக்கமும் பட்டை வைத்துத் தைத்துப் பன்னிரண்டாக்கிவிட்டேன். போர்வைக்கு நடுவில் அதுதான்.

மாமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் எட்டு தைச்சேனேம்மா, ஒண்ணுக்காவது உனக்குக் கண்ணு கலங்கிச்சா?" என்று கேட்டார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். இல்லை. காலையிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊசியும் நூலுமாக உட்கார்ந்து இன்னொரு கட்டம் தைத்துக்கொண்டிருக்கிறார்.

எட்டிப் பார்த்தேன். கோணலாகத் தைக்கப் பார்க்கிறார் அப்பா. அவருக்கு வரவில்லை.

உங்கள் வாயாடி