ஒரு படம், இரண்டு அட்டை

மார்ச் 3, செவ்வாய்

அருங்காட்சியகத்தின் மூன்றாம் கூடத்தில் இன்று வேலியை நட்டார்கள். நகரத்தை இரண்டாகப் பிளந்து நின்ற நிஜ வேலியின் மிச்சம். துரு உதிராமலிருக்க எண்ணெய் பூசியிருக்கிறார்கள். நகரம் பிரிந்து கிடந்த காலத்தில் இத்தனை அக்கறை யாருக்கும் இருந்ததாக ஞாபகமில்லை.

ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விளக்க அட்டை. ஒன்று இந்தப் பக்கத்துக்காரர் எழுதியது, அதாவது நான். மற்றது அந்தப் பக்கத்தின் ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது. ஒருவர் அட்டையில் மற்றவர் கை வைக்கக்கூடாது. ஆட்சேபம் இருந்தால் புதன்கிழமைக் கூட்டத்தில் வாயைத் திறந்து சொல்லலாம். இதெல்லாம் எங்கள் புதிய தலைவியின் யோசனை. என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பெண். எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னை ‘சார்’ என்கிறாள். நாற்காலியைவிட அந்த ‘சார்’தான் எரிகிறது.

மார்ச் 6, வெள்ளி

ஒரு புகைப்படக்காரரின் வீட்டிலிருந்து பெட்டி வந்தது. நான்காவது படத்தில் என் மாமனார்.

சந்தேகமே இல்லை. கையில் ஆள் உயரத்துக்கு அந்த இரும்புச் சாவி. நகரத்தைப் பிரித்தவர்களால் மண்ணுக்கடியில் ஓடும் குடிநீர்க் குழாயைப் பிரிக்க முடியவில்லை. அதனால் வால்வு திருப்பும் அவருக்கு மட்டும் தினமும் வேலியைத் தாண்ட அனுமதி இருந்தது. படத்தில் ஒரு காவலனின் தோளில் கை போட்டு, அவன் காதருகே குனிந்து ஏதோ சொல்கிறார்.

யாரிடமும் அப்படித்தான் பேசுவார். பம்பு அறை இரைச்சலில் காது மந்தமாகிப்போன மனிதர். எதிராளிக்கும் கேட்காது என்று நினைப்பு. என் கல்யாணத்தன்றுகூட என் காதில்தான் வாழ்த்தினார், எச்சில் தெறிக்க. பிறகு ஊருக்கே கேட்கும்படி சொன்னதும் உண்டு: “படிச்ச மாப்பிள்ளைன்னு பொண்ணைக் குடுத்தேன். இன்னும் படிச்சுக்கிட்டேதான் இருக்காரு.” எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள்.

அட்டையில் எழுதினேன்: ‘குடிநீர் வாரியப் பணியாளர். பெயர் தெரியவில்லை.’

ஏன் அப்படி எழுதினேன்? செத்துப்போன மனிதருக்கு இன்னும் என்ன கணக்கு?

மார்ச் 11, புதன்

கூட்டம். வாத்தியார் தன் அட்டைகளை வாசித்தார். வழக்கம்போல என்னைச் சீண்டினார்: “என்ன சார், உங்க பக்கம் இன்னும் தூக்கம் தெளியலையா?” சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பி, அந்தப் படத்துக்கு வந்ததும் குரல் மாறியது.

‘காவலர்களுக்கு உளவு சொல்லும் ஆள்காட்டி. வேலி தாண்ட முயன்ற பலர் இத்தகையோரால் பிடிபட்டனர்.’

தலைவி எல்லாரையும் பார்த்தாள். “யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?”

நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். திறப்பு விழா நாளில் இது வெடித்தால் தலைவி என்ன பதில் சொல்வாள் என்று ஒரு கணம் தோன்றியது. இனித்தது. அந்தக் கணம் போனபோது அடுத்த படத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 12, வியாழன்

அச்சுக்குப் போய்விட்டது.

மார்ச் 17, செவ்வாய்

தலைவி என் மேசைக்கே வந்தாள். “சார், அந்த வால்வுக்காரர் படம் எனக்கு என்னமோ உறுத்துது. நீங்க இந்தப் பக்கத்து ஆளு. யாருன்னு நிஜமாவே தெரியாதா?”

உண்மையைச் சொல்ல வாசல் இதைவிட அகலமாகத் திறக்காது. “தெரியாதும்மா” என்றேன். அம்மா என்று வேறு.

என் பெரியம்மா அந்தப் பக்கத்தில் இறந்தபோது என் அம்மாவுக்குச் செய்தி கொண்டுவந்தவர் இந்த மனிதர்தான். பிறப்பு, இறப்பு, கல்யாணம் என்று வேலிக்கு இரண்டு புறமும் செய்திகளை வாய்மொழியாகச் சுமந்தார். பிடிபட்டிருந்தால் தொலைந்திருப்பார். நான் அவர் வீட்டுக்கு மாப்பிள்ளையானதே அந்தப் பழக்கத்தில்தான். எல்லாம் தெரிந்துதான் ‘தெரியாதும்மா’.

மார்ச் 24, செவ்வாய்

“திறப்பு விழாவுக்கு வீட்டு ஆளுங்களைக் கூப்பிடலையா?” என்று கேட்டாள் மனைவி.

“பெரிய மனுஷங்களுக்கு மட்டும்தான்.”

“நீங்க எழுதினதை நான் பார்க்கணும்ங்க.”

இத்தனை வருடத்தில் நான் எழுதியது எதையும் பார்க்க வேண்டும் என்று கேட்டதில்லை. கேட்டதில்லை என்று எத்தனை முறை குத்திக்காட்டியிருக்கிறேன். இப்போது கேட்கிறாள்.

மார்ச் 28, சனி

விழா நேற்றே முடிந்தது, ஒன்றும் வெடிக்கவில்லை. இன்று நான் புதுப் பொருட்கள் வந்து சேரும் அறையில் இருந்தபோது இவள் சிநேகிதியோடு டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தபோது விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா படம் இருக்கு. ஆள்காட்டின்னு போட்டிருக்காங்க.”

நான் விளக்கைப் போட்டேன்.

“உங்களுக்குத் தெரியாம போட்டுட்டாங்க போல. பாவம், நீங்களும் எத்தனையத்தான் பார்ப்பீங்க? தெரிஞ்சிருந்தா விட்டிருப்பீங்களா? சிநேகிதிகிட்டயும் அதையேதான் சொன்னேன்.”

திட்டியிருக்கலாம். அப்பாவுக்காக அழும்போதும் என்னைத்தான் தாங்கிப் பேசுகிறாள். சீ.

மார்ச் 30, திங்கள்

தலைவியின் அறையில் வாத்தியாரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். யார் அவர், என்ன செய்தார், எனக்கு எப்போது தெரியும் என்று எல்லாவற்றையும். தலைவி கோபப்படவில்லை. “நான் ரெண்டு தடவை கேட்டேனே சார்” என்றாள். என்னைத் திட்ட ஒரு வார்த்தையைத் தேடிக் கிடைக்காமல் விட்டது போலிருந்தது.

வாத்தியார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க அண்ணன் பிடிபடறதுக்கு முந்தின நாள் இந்த மனுஷன் இதே மாதிரி காவலன் காதுல பேசினதை என் கண்ணால பார்த்தேன்.”

“அவருக்குக் காது கேட்காது. எல்லார் காதுலயும் அப்படித்தான் பேசுவார்.”

“அப்போ எங்க அண்ணனைக் காட்டிக் குடுத்தது யாரு?”

 அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; மறுபடி போடாமலே எழுந்து போனார். இத்தனை காலம் அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றையும் நான் பிடுங்கிவிட்டேன். அதையாவது மார்ச் 11 அன்றே, ஊர் பார்ப்பதற்கு முன்னால் செய்திருக்கலாம்.

ஏப்ரல் 2, வியாழன்

வாத்தியார் தன் அட்டையைத் தானே கழற்றி எடுத்துப் போனாராம். அந்த இடம் காலியாக இருக்கட்டும் என்றாராம். என் அட்டையை மாற்றி எழுதினேன். மாமனாரின் பெயர், வேலை, அவர் சுமந்த செய்திகள், காது மந்தம். இந்த வேலையில் நான் எழுதியவற்றிலேயே நல்ல அட்டை. பெருமைப்பட ஆளில்லை.

சாயங்காலம் இவளிடம் சொன்னேன்.

“எப்போலேர்ந்து தெரியும்?”

“படம் வந்த அன்னைக்கே. போன மாசம் ஆறாம் தேதி.”

யோசித்தாள். “அன்னைக்கு வந்து குழம்புல உப்பு இல்லன்னு சண்டை போட்டீங்க.”

எனக்கு ஞாபகமில்லை. இந்த நாட்குறிப்பிலும் எழுதவில்லை.

இவள் எழுந்துபோய்க் காய்ந்த துணிகளை மடித்தாள். என்னுடையதையும் மடித்தாள். அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

என்னென்ன வேண்டும் என்று மட்டும் கேட்கிறாள். நானும் என்னென்ன வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் இவள் அருங்காட்சியகத்துக்குப் போகிறாள். தலைவியே அனுமதித்திருக்கிறாள். வருகிறவர்களுக்குத் தன் அப்பாவைப் பற்றிச் சொல்கிறாள். சிரிக்க வைக்கிறாளாம், காவலாளி சொன்னார்.

இன்று நானும் போனேன். தூண் ஓரமாக நின்று கேட்டேன். தன் அப்பா பேசுவது போலவே, ஒரு வயதானவரின் காதருகே குனிந்து பேசிக் காட்டினாள். அவர் கூச்சத்தில் நெளிந்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போது என்னைப் பார்த்துவிட்டாள். பேச்சை நிறுத்தவில்லை.

கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் போனேன். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீங்க அவரோட பொண்ணு. சரி. இவரு யாருங்க?”

“இவரா? இங்க அட்டை எழுதுறவரு” என்றாள் இவள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள். நானும் அசைத்தேன்.